மாதுளை இருக்கட்டும், மாத்திரை என்ன ஆச்சு?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற வார மகளிர் பக்கத்தில் கர்ப்பிணிகளின் ரத்தசோகை பற்றிய கட்டுரையைப் படித்தேன். மாதுளை, பீட்ரூட், பேரீச்சை என்று பக்கம் முழுக்கப் பழக்கடை விரித்திருந்தீர்கள். இரும்புச்சத்து மாத்திரைக்கு ஒரே ஒரு வரி. கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு இது தலைகீழாகப் படுகிறது.

100 கிராம் மாதுளையில் இரும்புச்சத்து அரை மில்லிகிராம்கூடத் தேறாது. அரசு தரும் சிவப்பு மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம். கீரை, முட்டை, கறி, பழம் எல்லாம் தாராளமாகச் சாப்பிடட்டும். ஆனால் ஹெச்.பி. (ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் அளவு) 9 கிராமுக்கு இறங்கிவிட்ட பெண்ணுக்கு ஜூஸ் மட்டும் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தால் பிரசவ தேதிதான் வரும், ரத்தம் ஏறாது.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழகக் கர்ப்பிணிகளில் 48.3 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இத்தனைக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை இலவசம். வாங்கிய மாத்திரை எங்கே போகிறது? வீடு வீடாகப் போனபோது சாமி படத்துக்குப் பின்னால் பிரிக்காத அட்டைகளைப் பார்த்திருக்கிறேன். கேட்டால், "வாந்தி வருது நர்சம்மா", "வெளிக்குக் கறுப்பா போகுது", "புள்ள கறுப்பா பொறக்கும்னு அத்தை போட வேணாங்கிறாங்க." மலம் கறுப்பது இரும்பினால்தான், பயப்பட ஒன்றுமில்லை. பிள்ளையின் நிறத்துக்கும் மாத்திரைக்கும் சம்பந்தமே கிடையாது. குமட்டினால் ராத்திரி படுக்கப் போகும்போது போட்டுக்கொள்ளலாம்.

ஒழுங்காகப் போட்டும் ரத்தம் ஏறாதவர்களும் உண்டு. இவர்களைப் பற்றித்தான் யாரும் எழுதுவதில்லை. பல இடங்களில் கால்சியம் மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் ஒரே கவரில் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். இவர்களும் காலையில் இரண்டையும் சேர்த்து வாயில் போட்டு, ஒரு டம்ளர் பாலோ காபியோ குடித்து விழுங்கிவிடுகிறார்கள். கால்சியம், பால், காபி, டீ எல்லாமே இரும்பை உடம்பில் சேரவிடாமல் தடுப்பவை. இரண்டு மாத்திரைக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இரும்பு மாத்திரையோடு எலுமிச்சைச் சாறோ ஒரு நெல்லிக்காயோ எடுத்துக்கொண்டால் நல்லது. மருந்து கொடுக்கும் இடத்தில் தனித்தனிக் கவரில் போட்டு, மேலே பேனாவால் நேரத்தை எழுதிக் கொடுக்க எத்தனை நிமிடம் ஆகிவிடும்?

அப்புறம், ரத்தசோகை என்று தெரிந்துவிட்டால் தினம் இரண்டு மாத்திரை கொடுத்து, மாதாமாதம் ஹெச்.பி. பார்க்க வேண்டும். ஒரு மாதத்தில் 1 கிராமாவது கூடவில்லை என்றால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட வேண்டும். அங்கே நரம்பு வழியாக இரும்புச்சத்து ஏற்றுவார்கள். ஆறு, ஏழாம் மாதத்தில் இதைச் செய்துவிட்டால், பிரசவ அறை வாசலில் ரத்தத்துக்கு ஆள் தேடி அலைய வேண்டிய நிலை பெரும்பாலும் வராது. குழந்தை பிறந்த பிறகும் 180 நாள் மாத்திரை உண்டு. வீடு திரும்பியதும் அதை மறந்துவிடுகிறார்கள்.

அடுத்த முறை இதற்கும் கால் பக்கம் ஒதுக்குங்கள். உங்கள் மகளிர் பக்கத்தை மாமியார்களும் படிக்கிறார்கள்.

- ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
திண்டுக்கல் மாவட்டம்