‘சரியாகலைன்னா வாங்க’ போதுமா?

ஆசிரியருக்கு, வணக்கம்.

குழந்தைகள் அவசரப் பிரிவுக்கு ஒரே வாரத்தில் இரண்டாம் முறை வரும் பெற்றோரைப் ‘பதற்றக்காரர்கள்’ என்று ஒதுக்குவது தவறு. பெரும்பாலும் கோளாறு, முதல்முறை வீட்டுக்கு அனுப்பும்போது நாங்கள் கொடுக்கும் அறிவுரைச் சீட்டில்தான். அதில் ‘சரியாகலைன்னா வாங்க’ என்று மட்டும் இருந்தால், எப்போது, எதைப் பார்த்து வருவது?

வைரஸ் காய்ச்சல் மூன்று, நான்கு நாள் நீடிக்கும். கைக்குழந்தைக்கு நுண்மூச்சுக் குழல்களில் வரும் அழற்சி 3 முதல் 5ஆம் நாளுக்குள்தான் உச்சம் தொடும். இதைச் சொல்லாவிட்டால் மறுநாள் இரவே ஓடி வரத்தான் செய்வார்கள்.

மருந்தளவு பெரிய சிக்கல். பாராசிட்டமால் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மி.கி. சிரப்பில் 5 மி.லி.க்கு 120 அல்லது 250 மி.கி. இருக்கும், சொட்டு மருந்திலோ பொதுவாக 1 மி.லி.யிலேயே 100. ஆக, 10 கிலோ குழந்தைக்குச் சொட்டு மருந்து ஒன்றரை மி.லி., 250 சிரப் என்றால் 3 மி.லி. புட்டி மாறினால் காய்ச்சல் இறங்காது, அல்லது மருந்து மிகையாகும். சமையலறைக் கரண்டி வேண்டவே வேண்டாம். ஊசியில்லா சிரிஞ்சில் பேனாவால் கோடு போட்டுக் கொடுக்கலாமே, அரை நிமிட வேலை!

மூச்சிழுக்கையில் விலா இடுக்கில் தோல் உள்ளே போவது, 8 மணி நேரமாகச் சிறுநீர் கழிக்காதது, எழுப்பியும் எழாத அயர்வு: இவற்றில் ஒன்றிருந்தாலும் உடனே வரவேண்டும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டாலே போதும்.

திரும்பி வருகையில் சீட்டோடு மருந்துப் புட்டியும் வரட்டும். ‘ஏதோ சிவப்பு மருந்து’ என்பதை வைத்து அளவைக் கணக்கிட முடியாது.

– குழந்தைகள் அவசரப் பிரிவுச் செவிலியர்கள்