ஆண்டறிக்கை: பொதுக்குழுவில் செயலாளர் வாசித்தது

தலைவர் அவர்களே, ஆசான்மார்களே, உறுப்பினர்களே, பாறசாலைப் பக்கமிருந்து களியக்காவிளை தாண்டி வந்திருக்கும் பெற்றோர்களே, வணக்கம்.

“கயாக் பள்ளி என்று போர்டு வைத்துவிட்டு, மழைக்காலம் பூரா படகைக் கவிழ்த்துப் போட்டிருக்கிறீர்களே, ஏன்?” என்று போன பொதுக்குழுவில் ஒருவர் கேட்டார். அன்று நான் மழுப்பினேன். இந்த அறிக்கையில் பெரும்பகுதி அதற்கான பதில்தான்.

கோதையாறும் பரளியாறும் மூவாற்றுமுகத்தில் கூடி, குழித்துறை வழியாகத் தேங்காய்ப்பட்டணம் பொழிமுகத்தில் கடலில் விழும் ஆறு நம்முடையது. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் நமக்கு உண்டு. மேலே பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, சிற்றாறு அணைகள். அங்கே உபரிநீர் திறந்தால், இங்கே நல்ல வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே ஆறு ஏறும். ஆகவே ஆசான்கள் ஒரு சட்டம் வைத்திருக்கிறார்கள்: திற்பரப்பு அருவியில் குளிக்கத் தடை என்று செய்தி வந்தால் நம் துறையில் படகு இறங்காது. சிபாரிசு எடுபடாது, செயலாளர் சொன்னாலும் எடுபடாது.

சொல்லிப் பார்த்தவன் நான்தான். ஐப்பசியில் ஒரு கல்லூரிக் குழு முன்பணம் கட்டி வந்திருந்தது. தடைச் செய்தி எதுவும் இல்லை, வானமும் வெளுத்திருந்தது. மூத்த ஆசான் படியில் குந்தி, ஒழுக்கில் வரும் சருகையும் கலங்கலையும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இன்னைக்கு வேண்டாம் மக்களே” என்று எழுந்துவிட்டார். நான் வாதாடினேன். பிள்ளைகளைத் திருப்பி அனுப்பி, பணத்தையும் திருப்பிக் கொடுத்தோம். அன்று தண்ணீர் ஏறவில்லை என்பதையும் நேர்மையாகப் பதிவு செய்கிறேன். அடுத்த முறையும் அவர் அப்படியே சொல்வார். இனி நான் வாதாட மாட்டேன்.

அவர் வாழ்நாள் முழுக்க வள்ளம் துழைந்தவர். இரட்டை அலகுத் துடுப்பைக் கையில் கொடுத்தபோது ஒரு பக்கம் மட்டுமே போட்டு வட்டமடித்ததை நாமெல்லாம் பார்த்துச் சிரித்தோம். இப்போது, கையால் இழுக்காதே, இடுப்பைத் திருப்பித் தள்ளு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பவர் அவரே.

பயிற்சி குளத்தில்தான் தொடங்குகிறது. மூடிய கயாக்கில், அதாவது ஆள் உட்காரும் வாய் தவிர மேற்புறம் மூடியிருக்கும் ஒடுங்கிய படகில், ஏறும் எவரும் முதலில் கவிழப் பழக வேண்டும்: தலைகீழாக நின்று, முன்னால் குனிந்து, படகின் பக்கத்தைத் தட்டி, தண்ணீர் புகாமல் இடுப்பைச் சுற்றி அந்த வாயை மூடும் இடுப்புத் திரையின் வாரைப் பிடித்து இழுத்து வெளியே வருவது. தட்டச் சொல்வது உதவிக்குக் கூப்பிட மட்டுமல்ல, பதற்றத்தை அடக்கவும்தான். இது கைவராத பிள்ளைக்கு ஆறு கிடையாது. “மூணு வாரமா குளத்திலேயே கிடக்கான்” என்று ஒரு தாயார் வருத்தப்பட்டார். கிடக்கட்டும் அம்மா.

தடுப்பணைகளைப் பற்றியும் கேட்டார்கள். நிறைந்து வழியும்போது பார்க்க வழுக்குப் பலகை போலிருக்கும். ஆனால் விழும் நீர் அடியில் சுருண்டு மறுபடி அணையை நோக்கியே இழுக்கும். படகும் ஆளும் அதில் மாட்டினால் நீந்தத் தெரிந்தும் பயனில்லை. அங்கே படகைத் தோளில் தூக்கிக் கரைவழி நடப்பதே நம் வழக்கம்.

இளைய ஆசான்கள் இருவர் கோழிக்கோடு மாவட்டம் கோடஞ்சேரிக்குப் போய் வந்தார்கள். சாலிப்புழையிலும் இருவழிஞ்ஞிப்புழையிலும் 2013 முதல் மழைக்காலத்தில் கயாக் போட்டிகள் நடந்து வருகின்றன. பாறைக்குப் பின்னால் நீர் எதிர்த்திசையில் திரும்பும் இடத்தில் படகை நுழைத்து இளைப்பாறும் வித்தையையும், தண்ணீரில் விழுந்தவரிடம் வீசும் எறிகயிற்றுப் பை ஒன்றையும் கொண்டு வந்தார்கள். பை சங்கத்துச் செலவு.

மற்றவை சுருக்கமாக. ஏ.வி.எம். (அனந்த விக்டோரியா மார்த்தாண்டம்) கால்வாய்ப் பயணம் ஆகாயத்தாமரையால் கைவிடப்பட்டது. பூவாறு பயணம் நன்றாக முடிந்தது. திரும்பும்போது வேலியேற்றம், அதாவது கடல்நீர் உள்ளே ஏறுவது, துணை செய்தது. படித்துறை அனுமதி மனு ஓர் அலுவலகத்தில் இன்னும் உறங்குகிறது. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

இப்போது தீர்மானம். படகு இறங்கிய நாளுக்கு மட்டுமே இதுவரை ஆசான்களுக்குச் சம்பளம். “வேண்டாம்” என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் அவர்கள் தங்கள் கூலியை விட்டுத்தான் சொல்கிறார்கள். இறங்காத நாளுக்கும் பாதிச் சம்பளம் தர முன்மொழிகிறேன். பொருளாளர் ஏற்கெனவே தலையை ஆட்டிவிட்டார், எந்தப் பக்கம் என்று நீங்களே பார்க்கிறீர்கள். வழிமொழிபவர்கள் எழுந்து பெயரைச் சொல்லுங்கள். சாயா அதற்குப் பிறகுதான்.