செயலாளரின் ஆண்டறிக்கை 2023–24: ‘கொஞ்சம்’ என்பது எத்தனை கிராம்?

தலைவி அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பாளையங்கோட்டையிலிருந்தும் ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

2023 ஏப்ரல் முதல் 2024 மார்ச் முடிய நம் சமையல் சங்கம் செய்தவற்றையும், செய்வதாகச் சொல்லிவிட்டு விட்டுவிட்டவற்றையும் இங்கே வைக்கிறேன். மாதம் ஒரு கூட்டம் என்பது நம் விதி. இரண்டு மாதங்கள் கூட்டம் நடக்கவில்லை. அக்டோபரில் நடக்காததற்கு நானே பொறுப்பு. நவராத்திரியில் வீட்டுக்கு வீடு சுண்டல் வெந்துகொண்டிருக்கும்போது தேதி குறித்தால் யார் வருவார்கள்? டிசம்பர் கூட்டம் நின்ற காரணம் எல்லோருக்கும் தெரியும், பின்னால் வருகிறேன்.

மே மாதம் அக்கினி நட்சத்திர வெயிலில் மொட்டை மாடியில் கூழ்வடகம் பிழிந்தோம். கூழில் உப்பு சரியாக இருக்கிறது என்று மூன்று பேர் நக்கிப் பார்த்துச் சொன்னார்கள். அங்கேதான் பிழை. ஈரம் வற்ற வற்ற உப்பு தூக்கலாகும் என்பதால், கூழாக இருக்கும்போது ஒரு மாற்றுக் குறைவாகத்தான் இருக்க வேண்டும். அந்த வடகத்தை இன்றும் தயிர்ச்சோற்றோடு மட்டும் தின்றுகொண்டிருக்கிறோம். காக்கைக்குக் கறுப்புக் குடை கட்டிவைத்தது முதல் நாள் பலித்தது. இரண்டாம் நாள் காக்கை குடையின் மேலேயே உட்கார்ந்திருந்தது.

ஜூன் கூட்டம் குறிப்புகளுக்கானது. குழம்பில் உப்பு கூடிவிட்டால் உருளைக்கிழங்கைப் போட வேண்டும் என்று பலர் சொன்னார்கள். கிழங்கு தான் குடிக்கும் நீரோடு சேர்ந்த உப்பைத்தான் எடுக்கும். மீதிக் குழம்பு அதே கரிப்போடு நிற்கும். உப்பில்லாத பருப்பையோ தேங்காய்ப் பாலையோ சேர்த்துக் குழம்பைப் பெருக்குவதே வழி. இதை நான் சொன்னபோது ஒத்துக்கொள்ளாதவர்கள் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அறிக்கை எழுதுவது நான் என்பதால் என் கட்சியையே பதிவு செய்கிறேன். ஜூலை முதல் நவம்பர் வரை குறிப்பிடும்படி ஒன்றும் இல்லை, நன்றாகச் சாப்பிட்டோம்.

டிசம்பர் 17, 18 தேதிகளின் மழையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் என்பதே மின்சாரம் வந்த பிறகுதான் நம்மில் பலருக்குத் தெரிந்தது. நம் தெரு மேட்டில் இருப்பதால் தப்பியது. திருநெல்வேலி ஜங்ஷன் பக்கமும் சிந்துபூந்துறையிலும் இருக்கும் உறுப்பினர்களின் அடுப்படிக்குள் தாமிரபரணி வந்து நின்றது. அந்த இரண்டு நாட்களில் தெருவில் ஆறு வீட்டு அடுப்புகளில் புளிச்சோறு கிளறினோம். தேங்காய்ச்சோறு செய்யலாம் என்று ஒரு யோசனை வந்தது. அது மாலைக்குள் ஊசிப்போகும் என்று பெரியவர்கள் தடுத்தார்கள். புளியும் நல்லெண்ணெயும் ஊறிய சோறு மறுநாள் வரை தாங்கும், யார் கைக்கு எப்போது போய்ச் சேரும் என்று தெரியாத நேரத்தில் அதுதான் நம்பகமானது.

மிக்சியும் கிரைண்டரும் வெறும் பெட்டிகளாக நின்றன. கொல்லையில் பூந்தொட்டி தாங்கிக்கொண்டிருந்த ஓர் அம்மியைக் கழுவி எடுத்தோம். கொத்தி எத்தனை வருடம் ஆயிற்றோ, மிளகாய் வழுக்கிக்கொண்டு ஓடியது. பொரிகடலைத் துவையல் ஒருவாறு அரைபட்டது. அம்மியில் அரைத்தால் தனி ருசி என்று ஆண்டுதோறும் மேடையேறிப் பேசும் நம் உறுப்பினர்கள் யாரும் அன்று குழவியைத் தொடவில்லை என்பதையும் குறித்துக்கொள்கிறேன்.

நீர் வடிந்த பிறகு சிந்துபூந்துறை உறுப்பினர் ஒருவர் தம் மாமியாரின் சமையல் நோட்டைக் கொண்டுவந்தார். மாமியார் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. மைப்பேனாவால் எழுதிய முற்பகுதி முழுவதும் நீலக் கறை. பின்னாளில் பால்பாயின்ட் பேனாவால் எழுதிய சில பக்கங்கள் தப்பியிருந்தன. ஆவலோடு படித்தோம். “புளி கொஞ்சம். தேங்காய் தேவைக்கு. உப்பு பார்த்து.” இவ்வளவுதான் இருந்தது. எழுதியவருக்கு அது போதும். அவர் இல்லாதபோது அது யாருக்கும் போதாது.

ஆகவே ஜனவரியில், பொங்கல் கழிந்த கையோடு, பன்னிரண்டு பண்டங்களை அளவோடு எழுதிவைப்பது என்று தீர்மானித்தோம். வழக்கம்போலச் சமைப்பவர் சமைப்பார். கை பாத்திரத்துக்குப் போகும் வழியில் ஒருவர் மறித்து எடை போடுவார். முதலில் வாங்கிய தராசு சிறிய எடைகளைக் காட்டவில்லை. அதன் கணக்கில் பெருங்காயம் எடையற்ற பொருள். இரண்டாவதாக ஒன்று வாங்கியதைப் பொருளாளர் வீண்செலவுக் கணக்கில் எழுதியிருக்கிறார். அவர் அறிக்கை படிக்கும்போது அதை நான் எதிர்ப்பேன்.

முதல் வேலை, நாம் ஒரே மொழி பேசுகிறோமா என்று பார்ப்பது. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி என்ற வாய்ப்பாட்டில் யாருக்கும் தகராறு இல்லை. நான்கு வீட்டு உழக்குகளில் தண்ணீர் ஊற்றி மில்லியில் அளந்தபோது நான்கும் நான்கு விதம். அடுத்து, எல்லோரும் எலுமிச்சை அளவு புளி உருட்டி வரும்படி சொன்னேன். சிறிய உருண்டை 28 கிராம், பெரியது 65. நெல்லிக்காய் அளவு என்றபோது, அரைநெல்லியா மலைநெல்லியா என்று எதிர்க்கேள்வி வந்தது. இத்தனை ஆண்டுகளாக ஒருவர் குறிப்பைக் கேட்டு மற்றவர் செய்து, வாயில் வைக்க விளங்காமல் போனதற்கெல்லாம் கைப்பக்குவத்தைப் பழி சொல்லிக்கொண்டிருந்தோம்.

மார்ச்சில் சொதி, அதாவது தேங்காய்ப்பால் குழம்பு. மறுவீட்டு விருந்துக்குப் பெண்வீட்டார் வைக்கும் சொதியை, நம் மூத்த உறுப்பினரான ஆச்சி செய்துகாட்ட இசைந்தார்கள். அவர்கள் பாசிப்பருப்பை அள்ளும்போது, “ஆச்சி, நிறுத்து...” என்று தொடங்கினேன். “நிறுத்துப் பார்க்க வேண்டும்” என்று முடிப்பதற்குள் அடுப்பை அணைத்துவிட்டார்கள். சமாதானம் செய்ய ஒரு டம்ளர் காப்பி தேவைப்பட்டது.

அதே சொதியை மூன்று வாரங்களில் மூன்று முறை வைத்தார்கள். பருப்பு 110 கிராம், 112, 109. இஞ்சியும் அப்படியே, இரண்டு மூன்று கிராமுக்கு மேல் விலகவில்லை. ஆச்சியின் ‘கொஞ்சம்’ நம் தராசைவிடத் திட்டமானது. அதைக் கேட்டுக்கொண்ட நாம்தான் ஆளுக்கொரு கொஞ்சம் வைத்திருந்தோம்.

இடையில் நாம் தனியாக வைத்த ஒரு சொதி திரிந்தது. முதற்பாலை ஊற்றித் தளதளவென்று கொதிக்கவிட்டோம், அடுப்பில் இருக்கும்போதே எலுமிச்சையும் பிழிந்தோம். சரியான முறை இது: காய்கள் மூன்றாம் பாலில் வேக வேண்டும், வெந்த பருப்பும் இரண்டாம் பாலும் சேர்ந்து ஒரு கொதி வர வேண்டும், தீயைத் தணித்து முதற்பாலை ஊற்றி, ஓரத்தில் நுரை கட்டியதும் இறக்க வேண்டும். இஞ்சிச்சாறு அதன் பிறகு. எலுமிச்சைச்சாறு சூடு சற்றுத் தணிந்த பின். எப்போது இறக்குவது என்பதற்கு எத்தனை நிமிடம் என்று கேட்டேன். “பச்சைப்பால் வாடை போய் மணம் வரும்போது” என்றார்கள். கடிகாரம் வைத்துப் பார்த்தேன், மூன்று நாளும் மூன்று கணக்கு. ஆச்சி சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன்.

பன்னிரண்டில் ஏழு முடிந்திருக்கின்றன: சொதி, இஞ்சிப் பச்சடி, கூட்டாஞ்சோறு, உளுந்தம்பருப்புச் சோறு, எள்ளுத் துவையல், புளிமிளகாய், உளுந்தங்களி. கூட்டாஞ்சோற்றில் முருங்கைக்கீரையை எப்போது போடுவது என்பதில் இரண்டு கட்சிகள் இருப்பதால் இரண்டு குறிப்புகள் உள்ளன. உளுந்தங்களிக்கு உடன்குடிக் கருப்பட்டி 250 கிராம் என்று எழுதியிருப்பது, கரைத்து மண் நீங்க வடிகட்டுவதற்கு முந்தைய எடை. திருவாதிரைக் களிக்குத் தொட்டுக்கொள்ளும் தாளகக் குழம்பு முதலான ஐந்து பாக்கி. தாளகத்தைத் திருவாதிரைக்குள் முடிக்காவிட்டால் அடுத்த ஆண்டுக்குத்தான் போகும்.

இவற்றை மூன்று படிகளாக எழுதி, இரண்டு ஆற்றுக்கு இந்தப் பக்கமும் ஒன்று அந்தப் பக்கம் மாடி வீடு ஒன்றிலும் இருக்கும்படி செய்திருக்கிறோம். எழுதுவது பால்பாயின்ட் பேனா அல்லது பென்சிலால் மட்டும். திருத்துகிறவர்கள் பழைய அளவை அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதவும், அழிக்க வேண்டாம்.

பொருட்கணக்கு ஒன்று பாக்கி. வெள்ளத்தின்போது ஜங்ஷன் பக்கம் சோற்றோடு போன இரண்டு எவர்சில்வர் தூக்குகள் திரும்பவில்லை. அவற்றைத் தேட வேண்டாம் என்று செயற்குழு முடிவு செய்துவிட்டது. ஆனால் சங்கத்தின் தேங்காய்த் துருவி வெள்ளத்துக்கு முன்பே காணாமற்போனது. அது யார் வீட்டில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். தாளகத்துக்குத் தேங்காய் துருவ வேண்டியிருப்பதால், அடுத்த கூட்டத்துக்கு வரும்போது கையோடு கொண்டுவந்து ஒன்றும் சொல்லாமல் அலமாரியில் வைத்துவிடுமாறும், இவ்வறிக்கையைப் பேரவை ஏற்று நிறைவேற்றித் தருமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்