மலையூருக்கு அம்மாவை அழைக்கும் பிள்ளைகளுக்கு

அன்புள்ள ஆசிரியருக்கு வணக்கம்.

ஜூன் விடுமுறை நெருங்கிவிட்டது. அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்க நம்மில் பலர் பெட்டி கட்டிக்கொண்டிருப்பார்கள். அங்கே மேற்கு மாநிலங்களின் மலையூர்களுக்குப் போகும் வயதானவர்களுக்காக, முக்கியமாக அவர்களை அழைக்கும் பிள்ளைகளுக்காக, இதை எழுதுகிறேன்.

நான் சிங்கப்பூரில் தோ பாயோவில் இருக்கிறேன். பலதுறை மருந்தகத்தின் பதிவு முகப்பில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வயது 66. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். மகளின் பேறுகாலத்துக்காக ஆகஸ்டு முதல் பிப்ரவரி வரை கொலராடோவில் எஸ்டெஸ் பார்க் என்ற ஊரில் தங்கினேன். ராக்கி மலைத் தேசியப் பூங்காவின் கிழக்கு வாசலில் இருக்கும் ஊர். பூங்காவுக்கு ஆண்டுக்கு 40 லட்சம் பேருக்கு மேல் வருகிறார்கள். ஊரில் குடியிருப்பவர்களோ ஏறத்தாழ 6,000 பேர்தான்.

“ஊட்டி மாதிரிதாம்மா இருக்கும்” என்று மகள் சொல்லியிருந்தாள். பொய்யில்லை. ஊட்டி 2,240 மீட்டர் உயரம், இந்த ஊர் 2,293. ஆனால் நான் ஊட்டிக்குப் போனது கல்யாணமான புதிதில். மேட்டுப்பாளையத்தில் ஓர் இரவு தங்கி, மெதுவாக ரயிலில் ஏறினோம். இந்த முறை டென்வரில் இறங்கிய அன்று மாலையே காரில் மேலே கொண்டுபோய்விட்டார்கள். அங்கே காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அதே அளவுக்குக் குறையும். நம் தீவிலேயே உயரமான புக்கிட் தீமா 164 மீட்டர். நம் உடம்புக்கு அந்த உயரம் பழக்கமே இல்லை.

மூன்றாம் நாள் மருமகன் ஆசையாக டிரெயில் ரிட்ஜ் சாலையில் கூட்டிப்போனார். 3,713 மீட்டர் வரை ஏறும் சாலை அது. ஓர் உயரத்துக்குப் பிறகு மரமே கிடையாது. புல்லும் பாறையும் வானமும்தான். அவ்வளவு அழகான இடத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் காரிலிருந்து இறங்கிய பத்து நிமிடத்தில் தலை பிளந்தது. வாந்தி எடுத்தேன். நடை தள்ளாடியது. பூங்காக் காவலர் ஒருவர் பார்த்துவிட்டு, “முதலில் கீழே இறங்குங்கள், அதுதான் மருந்து” என்றார். இறங்கினோம். இரவுக்குள் சரியாகிவிட்டது. இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாம் என்று அங்கேயே நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் பயப்படுகிறேன்.

சமையலிலும் இதே கதைதான். காற்றழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதற்கு மேல் சூடேறாது. முதல் நாள் சாதாரணப் பாத்திரத்தில் வைத்த பருப்பு இரண்டு மணி நேரமாகியும் மசியவில்லை. குக்கர் இல்லாமல் அங்கே நம் சமையல் நடக்காது. காற்று வேறு மிகவும் வறண்டது. முதல் வாரத்தில் இரண்டு தடவை மூக்கில் ரத்தம் வந்தது.

பிரசவத்துக்கு மகள் பதிவு செய்திருந்த மருத்துவமனை மலையடிவாரத்தில், லவ்லேண்டில். ஏறத்தாழ 50 கிலோமீட்டர். பிக் தாம்சன் ஆற்றை ஒட்டிப் பாறைகளுக்கு நடுவே வளைந்து இறங்கும் சாலை. அக்டோபரில் ஒரு நள்ளிரவு வலி கண்டு புறப்பட்டோம். வழியெல்லாம் கார் விளக்கில் ஓர் அறிவிப்புப் பலகை மின்னிக்கொண்டே வந்தது: வெள்ளம் வந்தால் மேட்டில் ஏறித் தப்புங்கள். 1976 ஜூலை 31 மாலை மலைமேல் கொட்டிய மழையில் இந்த ஆறு பெருகி 140 பேருக்கு மேல் இறந்திருக்கிறார்கள். காரை விட்டுவிட்டு மேட்டில் ஏறியவர்களில் பலர் பிழைத்தார்கள். 2013 செப்டம்பரிலும் இந்தச் சாலையை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. இதெல்லாம் எனக்குத் தெரிந்தது பேரன் பிறந்த பிறகுதான்.

சொன்னவர் பக்கத்து வீட்டு மூதாட்டி. 2020 அக்டோபர் 22 அன்று மலையின் இரண்டு காட்டுத்தீ ஊரை நெருங்கியபோது ஊர் முழுக்க வெளியேறச் சொன்னார்களாம். நண்பகலிலேயே வானம் இருண்டு செம்மஞ்சளாகிவிட்டதாம். அன்றிலிருந்து வாசலருகே ஒரு பை வைத்திருக்கிறார். “உன் பை எங்கே?” என்று என்னைக் கேட்டார். அன்றே கடப்பிதழ், மாத்திரைகள், கண்ணாடி, மகளின் தொலைபேசி எண் எழுதிய தாள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கதவருகே வைத்தேன்.

என்னை உண்மையில் வாட்டியது தனிமை. இங்கே காலையில் மின்தூக்கியில் இறங்கினால் சந்தை, கோப்பிக் கடை, அரட்டை. அங்கே கடை மூன்று கிலோமீட்டர். எங்கள் தெருவில் பேருந்து கிடையாது. எனக்குக் கார் ஓட்டவும் தெரியாது. செப்டம்பரில் எல்க் மான்கள் தோட்டத்துக்கே வந்து நிற்கும். ஆண் மான் 300 கிலோவுக்கு மேல் இருக்கும், இணை தேடும் அந்தக் காலத்தில் முட்ட வரும். அதனால் வாசலுக்குக் கூட யோசித்துத்தான் போவேன். நவம்பரில் ஐந்து மணிக்கே இருட்டு, அப்புறம் இரவெல்லாம் ஊளையிடும் காற்று. மகளிடம் சொல்லாமல் அழுத நாட்கள் உண்டு. அந்த மூதாட்டி செவ்வாய்தோறும் என்னை நூலகத்துக்குக் கூட்டிப்போகத் தொடங்கிய பிறகுதான் மனம் நிலைக்கு வந்தது.

ஆகவே பிள்ளைகளே, மலையின் படத்தை மட்டும் அனுப்பாதீர்கள். வீட்டின் உயரத்தைச் சொல்லுங்கள், உங்கள் அம்மா அப்பா அதை மருத்துவரிடம் காட்டட்டும். முதல் வாரம் உயரமான இடங்களுக்குக் கூட்டிப்போகாதீர்கள். நீங்கள் வேலைக்குப் போனபின் அவர்களின் பகல் எப்படிக் கழியும் என்பதை டிக்கெட் வாங்கும் முன்பே யோசியுங்கள். பக்கத்து வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

நான் செப்டம்பரில் மறுபடியும் போகிறேன். இந்த முறை 1,600 மீட்டரில் இருக்கும் டென்வரில் இரண்டு இரவு தங்கிவிட்டுத்தான் மேலே ஏறப்போகிறேன். மருமகனும் ஒப்புக்கொண்டுவிட்டார். பக்கத்து வீட்டு அம்மாவுக்குத் தேக்காவில் ஒரு பருத்திப் புடவை எடுத்து வைத்திருக்கிறேன். போர்வையாகப் போட்டுக்கொள்ளக் கேட்டிருந்தார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தோ பாயோ