தம்பி கேட்கும் கேள்விக்கு என்ன பதில் சொல்வது?

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். கண் அறுவைக்குப் பிறகு எழுத்து பளிச்சென்று தெரிகிறது. அதனால் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்.

வண்டியில் வீடு திரும்பியதும் "யாரையாவது இடிச்சுட்டு வந்துட்டேனா?" என்று தம்பி கேட்பது, திரும்பவும் அதே சாலைக்குப் போய்ப் பார்ப்பது, மறுநாள் பேப்பரில் விபத்துச் செய்தி தேடுவது என்று எல்லாவற்றையும் விவரமாக எழுதியிருந்தாய். ஓசிடியாக, அதாவது வேண்டாத எண்ணம் விடாமல் வருவதும் அதைத் தணிக்க ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வதுமான மனநோயாக, இருக்குமோ என்று நீ கேட்டதற்கு வீட்டில் "அவனா? அவன் கையே ஒழுங்கா கழுவ மாட்டானே" என்று சிரித்தார்களாம். பெரும்பாலான வீடுகளில் நோய் கண்ணில் படாமல் போவது இந்தச் சிரிப்பில்தான். கழுவுவதும் அடுக்குவதும் இந்த நோயின் ஒரு முகம் மட்டுமே. சரிபார்ப்பது, எண்ணுவது, மனசுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பது, அடுத்தவரிடம் உறுதி கேட்பது எல்லாமே அதே நோய்தான். நோய் என்று உறுதி செய்வது டாக்டர் வேலை. அவர்கள் பார்க்கும் முக்கியமான அடையாளங்கள் இரண்டு: நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விழுங்குகிறதா, வேலையையும் உறவையும் கெடுக்கிறதா. சுத்தக்காரர் தன் சுத்தத்தைப் பெருமையாகச் சொல்லுவார். இந்த நோய் உள்ளவர் அதை வெறுத்துக்கொண்டே செய்வார். மேசையில் பேனாவை நேராக வைத்துவிட்டு "எனக்கும் கொஞ்சம் ஓசிடி" என்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான்.

நீ கேட்ட முக்கியமான கேள்வி, "பார்த்துட்டு வந்த பிறகும் ஏன் நம்ப மாட்டேங்கிறான்?" என்பது. பார்ப்பதுதான் காரணம். 2003இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். நோயில்லாத ஆட்களைக் கணினித் திரையில் ஒரு கேஸ் அடுப்பைத் திரும்பத் திரும்பச் சரிபார்க்க வைத்தார்கள். அடுப்பை அணைத்தோமா என்ற ஞாபகம் அவர்களுக்குச் சரியாகவே இருந்தது. ஆனால் அது மங்கலாகிவிட்டது, அதன் மேல் இருந்த நம்பிக்கையும் போய்விட்டது. சும்மா இருந்தவர்களுக்கே இந்தக் கதி. தம்பி ஒவ்வொரு முறை திரும்பிப் போய்ப் பார்க்கும்போதும் பதற்றம் கொஞ்ச நேரம் இறங்கும். உடனே மூளை "பார்த்ததாலதான் தப்பிச்சோம்" என்று பாடம் படித்துக்கொள்ளும். அடுத்த முறை சந்தேகம் இன்னும் சீக்கிரம் வரும்.

அவன் உன்னிடம் சொல்லாதது இன்னும் இருக்கலாம். இந்த நோயில் வரும் எண்ணங்கள் பல சமயம் வாய்விட்டுச் சொல்ல முடியாதவை: குழந்தையைக் குத்திவிடுவோமோ, சாமி சிலையைப் பார்த்துக் கெட்ட வார்த்தை சொல்லிவிடுவோமோ, தகாத ஆசை நமக்கு இருக்கிறதோ. இதை வெளியே சொன்னால் பைத்தியம் என்பார்கள், ஆபத்தானவன் என்பார்கள் என்ற பயத்தில் வருடக்கணக்கில் புதைத்து வைக்கிறார்கள். சிகிச்சைக்கு வந்த பிறகும் பூட்டுப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. 1978லேயே ராக்மன், டி சில்வா என்ற இருவர் ஆய்வு செய்து, இதே மாதிரி எண்ணங்கள் நோயில்லாத பெரும்பாலானோருக்கும் வந்து போகின்றன என்று காட்டிவிட்டார்கள். மற்றவர்கள் "சீ, என்ன நினைப்பு" என்று விட்டுவிடுகிறார்கள். இவர்கள் "இப்படி நினைச்ச நான் எப்படிப்பட்டவன்?" என்று அதைப் பிடித்துக்கொள்கிறார்கள். தனக்கு எது மிகவும் பிரியமோ, எதை மிகவும் மதிக்கிறோமோ, அதையே இந்த எண்ணம் தாக்கும். பயந்து கத்தியை ஒளித்து வைப்பவருக்கு அதைச் செய்யும் ஆசை கிடையாது. தம்பி என்றைக்காவது இப்படி ஏதாவது சொன்னால் முகம் சுளிக்காதே, அதிர்ச்சி காட்டாதே. "இது உனக்கு மட்டும் வர்றது இல்லடா, டாக்டர் இதைத் தினமும் கேட்கிறவர்" என்று ஒரு தடவை சொல்லு. ஒரு தடவை போதும். ஆனால் சாக வேண்டும் என்பது போல ஏதாவது பேசினால் அது வேறு கணக்கு. அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போ.

இனி உன் வீட்டு விஷயம். கொஞ்சம் கசக்கும். "இல்லடா, யாரையும் இடிக்கல" என்று நீ சொல்லும் ஒவ்வொரு பதிலும் அந்த நோய்க்குத் தீனி. கூடவே வண்டியில் போய்ப் பார்த்துவிட்டு வருவதும் அப்படித்தான். அன்பால்தான் செய்கிறாய், இருந்தும் விளைவு அதுதான். அதற்காக நாளையே "இனிமே பதில் சொல்ல மாட்டேன்" என்று வெட்டிவிடாதே. அது தண்டனை மாதிரி இருக்கும், அவன் வேறு ஆளைத் தேடிப் போவான், அல்லது போன் எடுத்துத் தேட ஆரம்பிப்பான். அமைதியாக இருக்கும் ஒரு நேரத்தில் அவனோடு உட்கார்ந்து பேசி, அவன் சம்மதத்தோடு ஒரு வாக்கியத்தை முடிவு செய்துகொள்ளுங்கள். "இது அந்தக் கேள்வி மாதிரி இருக்கு, பதில் சொன்னா நோய்க்குத்தான் லாபம். கஷ்டமா இருக்குன்னு தெரியுது, இங்கேயே உட்காரு." வீட்டில் எல்லோரும் அதே வாக்கியத்தைச் சொல்ல வேண்டும். அம்மா இரக்கப்பட்டு ஒரு நாள் பதில் சொல்லிவிட்டால், இன்னும் கொஞ்சம் கெஞ்சினால் கிடைக்கும் என்று நோய் கற்றுக்கொள்ளும். முதலில் ஒரு கேள்வியில், ஒரு வேளையில் மட்டும் ஆரம்பியுங்கள். தொடக்கத்தில் கேட்பது அதிகமாகும். அதைக் கண்டு பின்வாங்க வேண்டாம்.

சிகிச்சையில் அதிகப் பலன் தருவது, பயப்படும் சூழலில் நின்றுகொண்டு சடங்கை, அதாவது பதற்றம் தணியச் செய்யும் அந்தச் செயலை, செய்யாமல் இருக்கும் பயிற்சிதான். விக்டர் மேயர் என்பவர் 1966இல் இதை முதலில் எழுதினார், இன்றுவரை அடித்தளம் இதுவே. பயங்களையெல்லாம் எழுதி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 100 வரை பதற்ற மதிப்பெண் போட வேண்டும். தம்பிக்கு இப்படி இருக்கலாம்: கதவை ஒரே முறை பூட்டிவிட்டுப் போவது 30, பகலில் காலிச் சாலையில் ஓட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வருவது 40, இருட்டில் குழியில் வண்டி குலுங்கிய பிறகும் நிற்காமல் வருவது 80. 30, 40இல் இருந்து ஆரம்பித்து, தினமும் செய்து, நாள் போகப் போக மேலே ஏற வேண்டும். பின்பார்வைக் கண்ணாடியைச் சாலைக்காகப் பார்க்கலாம், சமாதானத்துக்காகப் பார்க்கக் கூடாது. "இடிக்கவே இல்லை" என்று நிரூபிப்பது இங்கே நோக்கம் இல்லை. "இடிச்சிருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், தெரியாது" என்ற நிலையோடு சாப்பிட்டுத் தூங்கப் பழகுவதுதான் நோக்கம்.

பயிற்சி கெட்டுப்போவது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில். வெளியே திரும்பிப் பார்க்க மாட்டான், ஆனால் மனசுக்குள் முழுப் பயணத்தையும் ஓட்டிப் பார்ப்பான். அதுவும் சடங்குதான். பாட்டுப் போட்டுக் கவனத்தைத் திருப்புவது, பக்கத்தில் ஆள் இருந்தால் மட்டும் ஓட்டுவது, பயிற்சி முடிந்ததும் ரகசியமாகச் சரிபார்ப்பது எல்லாம் அதே வகை. எண்ணத்தை அடக்கப் பார்ப்பதும் வீண், அடக்கினால் அது இன்னும் துள்ளும். "மனசைக் கட்டுப்படுத்து" என்று அறிவுரை சொல்லும் சொந்தக்காரர்களை இந்தக் காரணத்துக்காகவே கொஞ்ச நாள் தள்ளி வை.

மாத்திரை பற்றி உனக்குத் தயக்கம் இருப்பது தெரிகிறது. செர்ட்ராலின், ஃப்ளூவாக்ஸெடின் வகை மருந்துகள் போதை தருபவை அல்ல. மனச்சோர்வுக்குத் தருவதைவிட அளவு பெரும்பாலும் கூடவே வேண்டியிருக்கும். செர்ட்ராலின் 50 மில்லிகிராமில் தொடங்கி 200 வரை போகலாம். பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். மூன்றாவது வாரத்தில் "ஒண்ணும் ஆகல" என்று நிறுத்துவதுதான் வழக்கமான தப்பு. முதல் சில வாரம் வயிற்றுக் குமட்டல், படபடப்பு வரலாம். இளம் வயதினருக்கு அந்த நாட்களில் மனநிலை மோசமாகிறதா என்று பக்கத்தில் இருந்து கவனிக்க வேண்டும். குணம் தெரிந்த பிறகும் குறைந்தது ஒரு வருடம் தொடரச் சொல்வார்கள். நிறுத்துவதானால் டாக்டர் சொல்படி படிப்படியாகக் குறைத்துத்தான். பழைய மருந்தான குளோமிப்ரமின் கொடுத்தால் ஈசிஜி எடுக்க வேண்டுமா என்று கேட்டுக்கொள்.

சிகிச்சையாளரிடம் முதல் நாளே கேள்: வெறும் பேச்சா, அல்லது இந்தப் பயிற்சியைச் செய்ய வைப்பீர்களா? ஏன் வந்தது என்று குழந்தைப் பருவத்தை மட்டுமே தோண்டிக்கொண்டிருந்தால் வேறு ஆளைப் பார். நோய் எவ்வளவு கடுமையாக இருக்கிறது என்று அளக்க யேல்-பிரவுன் என்ற 10 கேள்வி அளவுகோல் உண்டு, மொத்தம் 40 மதிப்பெண். இப்போது ஒரு தடவை, மூன்று மாதம் கழித்து ஒரு தடவை போடச் சொல். மதிப்பெண் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால் நல்ல முன்னேற்றம் என்று அர்த்தம். உங்கள் கண்ணுக்கு மாற்றம் தெரியாத வாரங்களில் அந்த எண் உதவும்.

யாருக்குச் சொல்வது, யாருக்குச் சொல்லக் கூடாது என்பதை அவனே முடிவு செய்யட்டும். நீ முந்திக்கொண்டு யாரிடமும் சொல்லாதே. ஆனால் அவன் சரியென்று சொன்னவர்கள் யாராவது கேட்டால் ஒளிந்துகொள்ளவும் வேண்டாம்: "சிகிச்சை எடுக்கிறான்" என்று, சர்க்கரை வியாதிக்குச் சொல்லும் அதே குரலில் சொல்.

டாக்டரைப் பார்த்ததும் என்ன சொன்னார் என்று எழுது. அந்த வாக்கியத்தை முடிவு செய்துவிட்டீர்களா, அம்மா ஒத்துக்கொண்டார்களா என்பதையும் சேர்த்து எழுது. அம்மா ஒத்துக்கொள்வதுதான் கஷ்டம் என்று எனக்குத் தோன்றுகிறது. தேவைப்பட்டால் நானே அவர்களிடம் போனில் பேசுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்