குப்பைக்குப் போன தட்டு: அகி கௌரிஸ்மாகிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அகி கௌரிஸ்மாகி அவர்களுக்கு,

வணக்கம். ஒரு தட்டைப் பற்றிப் பேசத்தான் இந்தக் கடிதம்.

பின்லாந்து இயக்குநரான நீங்கள் எடுத்த 'ஃபாலன் லீவ்ஸ்' (2023) படத்தில் அன்சா ஒருவனை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுகிறாள். அவளிடம் இருப்பதோ ஒரே தட்டு. கடைக்குப் போய் இன்னொரு தட்டும், ஒரு கத்தியும், ஒரு முள்கரண்டியும் வாங்கி வருகிறாள். அவன் வருகிறான், சாப்பிடுகிறான், நடுவில் கோட்டுப் பையிலிருந்து பாட்டிலை எடுக்கிறான். என் அப்பாவும் சகோதரனும் குடித்தே செத்தார்கள், அம்மா அந்தத் துக்கத்தில் போனாள் என்கிறாள் அன்சா. அவன் கோபித்துக்கொண்டு கிளம்பிவிடுகிறான். அவள் அழவில்லை. அந்தப் புதுத் தட்டை எடுத்துக் குப்பையில் போடுகிறாள். அவ்வளவுதான். எனக்குத்தான் தொண்டை அடைத்தது.

உங்கள் நடிகர்கள் முகத்தில் எதையும் காட்ட மாட்டார்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். சரி, ஆனால் அது பாதிதான். முகம் விட்டதைப் பொருட்கள் சொல்லிவிடுகின்றன. உங்கள் ஒளிப்பதிவாளர் டிமோ சால்மினனின் கேமரா ஒரு நாற்காலிக்கும் மனிதருக்குத் தரும் அதே வெளிச்சத்தைத் தருகிறது. 'த மேட்ச் ஃபேக்டரி கேர்ள்' (1990) மரக்கட்டை தீக்குச்சியாவதில்தான் தொடங்குகிறது. உருளும் கட்டை, சீவும் கத்தி, வரிசையாக ஓடும் குச்சிகள். அந்த இயந்திரத்தின் கடைசியில் நிற்கும் ஐரிஸின் முகத்தைக் காட்டுவதற்குள் அவள் வாழ்க்கையை நாங்கள் பாதி தெரிந்துகொண்டுவிடுகிறோம். அப்புறம் அவள் எலி மருந்து வாங்கப் போகும்போதும் அதே முகம்தான்.

இயக்குநராவதற்கு முன்பு நீங்கள் தபால்காரராக இருந்தீர்கள், பாத்திரம் கழுவினீர்கள் என்று படித்திருக்கிறேன். அதனாலோ என்னவோ, உங்கள் படங்களில் வேலை என்பது பின்னணி இல்லை. 'ஷேடோஸ் இன் பாரடைஸ்' (1986) படத்தில் இலோனா சூப்பர்மார்க்கெட் காசாளர். 37 வருடம் கழித்து அன்சாவும் சூப்பர்மார்க்கெட்டில்தான். காலாவதியான, குப்பைக்குப் போக வேண்டிய உணவைக் கையில் எடுத்ததற்கு அவளுக்கு வேலை போகிறது. இந்த 37 வருடத்தில் மாறியது, அவள் வீட்டு ரேடியோவில் உக்ரைன் போர் கேட்கிறது என்பது மட்டும்தான்.

விருதுகளுக்கு வருகிறேன். 2002இல் 'த மேன் வித்தவுட் எ பாஸ்ட்' கான் விழாவில் கிராண்ட் பிரீ வாங்கியது, அதில் நடித்த கட்டி ஔட்டினன் சிறந்த நடிகையானார். முதல் நன்றி எனக்கே, அடுத்தது நடுவர்களுக்கு என்று மேடையில் சொன்னவர் நீங்கள்! அதே ஆண்டு ஈரானிய இயக்குநர் அப்பாஸ் கியாரோஸ்டமிக்கு அமெரிக்க விசா கிடைக்காததால் நீங்களும் நியூயார்க் விழாவுக்குப் போகவில்லை. அடுத்த ஆண்டு உங்கள் படம் ஆஸ்கர் பரிந்துரையில் இருந்தும், ஈராக் போரை எதிர்த்து அங்கேயும் போகவில்லை. 2017இல் 'தி அதர் சைட் ஆஃப் ஹோப்' படத்துக்காக பெர்லினில் சிறந்த இயக்குநருக்கான வெள்ளிக் கரடி. நீங்கள் மேடை ஏறவில்லை, விருதுதான் இறங்கி உங்கள் இருக்கைக்கு வந்தது. அதுவே கடைசிப் படம் என்றும் சொன்னீர்கள். நல்லவேளை, சொன்ன சொல்லைக் காப்பாற்றவில்லை. 'ஃபாலன் லீவ்ஸ்' 2023இல் கானில் ஜூரி பரிசு வாங்கியது.

ஆனால் உங்களுடைய பெரிய படம் எது என்று கேட்டால் நான் 'டிரிஃப்டிங் கிளவுட்ஸ்' (1996) என்பேன். பின்லாந்து பொருளாதாரம் சரிந்திருந்த காலம். டிராம் ஓட்டுநர்களை வரிசையாக நிற்கவைத்து, யாருக்கு வேலை போகிறது என்று சீட்டு எடுக்கச் சொல்லும் காட்சியைப் பார்த்துச் சிரித்தேன். சிரித்ததற்குக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

உங்கள் நண்பரும் நடிகருமான மாட்டி பெல்லொன்பாவை மனதில் வைத்துத்தான் அந்தப் படத்தைத் திட்டமிட்டிருந்தீர்கள். 1995இல் அவர் போய்விட்டார். படத்தின் நாயகி இலோனா (பெயர் அதே, ஆள் வேறு) தன் இறந்துபோன குழந்தையின் புகைப்படத்தை ஒரு நிமிடம் பார்ப்பாள், எதுவும் பேச மாட்டாள். அந்தப் புகைப்படத்தில் இருக்கும் பையன், சின்ன வயது பெல்லொன்பா. இது தெரியாமலே அந்தக் காட்சியை இரண்டு தடவை கடந்து போயிருக்கிறேன்.

அன்புடன்,
ஒரு ரசிகன்