ஜிம் தோர்ப்பின் கால்பந்து ஆண்டுகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல விளையாட்டுகளில் சாதித்தவர்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில் ஜிம் தோர்ப்புக்கு இடம் கொடுத்திருந்தீர்கள். மகிழ்ச்சி. 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் பென்டத்லான் (ஐந்து போட்டிகள் சேர்ந்தது), டெகத்லான் (பத்து போட்டிகள் சேர்ந்தது) இரண்டிலும் அவர் தங்கம் வென்றதும், மறு ஆண்டே அவை பறிபோனதும் உருக்கமாகச் சொல்லப்பட்டிருந்தன. ஆனால் அதன் பிறகு அவர் 1915 முதல் 1928 வரை ஆடிய தொழில்முறை அமெரிக்கக் கால்பந்து (நம்மூர்க் கால்பந்து அல்ல, பந்தைக் கையில் ஏந்தியும் ஓடும் ஆட்டம்) ஒரே வரியில் முடிந்துவிட்டது. இதைப் படித்தவர்களுக்கு தோர்ப் என்றால் பதக்கம் இழந்த ஒரு பாவப்பட்ட மனிதர் என்றுதான் மனதில் நிற்கும். அது அவருக்குச் செய்யும் இன்னொரு அநியாயம்.

அமெரிக்காவின் சாக் அண்ட் ஃபாக்ஸ் பழங்குடியைச் சேர்ந்த அவர், பென்சில்வேனியாவின் கார்லைல் பள்ளியில் ஆடும்போதே கால்பந்தில் பெரும் பெயர் எடுத்துவிட்டார். பூர்வகுடிப் பிள்ளைகளிடமிருந்து அவர்கள் மொழியையும் வழக்கங்களையும் பிடுங்குவதற்கென்றே நடத்தப்பட்ட உறைவிடப் பள்ளி அது. அந்தப் பள்ளியின் அணி 1911இல் ஹார்வர்டை 18-15 என்று வீழ்த்தியது. தோர்ப் உதைத்த நான்கு ஃபீல்டு கோல்கள் (பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து எடுக்கும் புள்ளிகள்) இல்லாமல் அந்த வெற்றி இல்லை. மறு ஆண்டு ராணுவக் கல்லூரி அணியை 27-6 என்று தோற்கடித்தபோது எதிரணியில் ஆடியவர்களில் ஒருவர் ஐசனோவர், பிற்காலத்தில் அமெரிக்க அதிபரானவர்.

ஒலிம்பிக் பதக்கங்களைப் பறித்ததற்குச் சொன்ன காரணம், 1909, 1910ஆம் ஆண்டுகளில் வட கரோலினாவில் சிறு அணிகளுக்காகப் பேஸ்பால் ஆடிச் சொற்பக் கூலி வாங்கினார் என்பது. காசுக்கு ஆடியவருக்கு ஒலிம்பிக்கில் இடமில்லை என்பது அன்றைய விதி. கல்லூரி மாணவர்கள் பலர் பொய்ப் பெயரில் இப்படி ஆடிக்கொண்டிருந்த காலம் அது. இவர் சொந்தப் பெயரிலேயே ஆடினார், மாட்டிக்கொண்டார். ஆட்சேபம் இருந்தால் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்ற ஒலிம்பிக் விதியைக்கூட யாரும் பொருட்படுத்தவில்லை. வீட்டில் வசதி உள்ளவன்தான் காசு வாங்காமல் ஆட முடியும். காசு வாங்கக் கூடாது என்ற அந்த விதி யாருக்குச் சாதகம் என்பதைக் கட்டுரை தொடவே இல்லை.

எதற்காகத் தண்டித்தார்களோ, அதையே அவர் பிறகு வெளிப்படையான தொழிலாக்கிக்கொண்டார். கோடையில் நியூயார்க் ஜயன்ட்ஸ் போன்ற பெரிய அணிகளுக்குப் பேஸ்பால், இலையுதிர் காலத்தில் கால்பந்து. ஒஹாயோவின் கேன்டன் புல்டாக்ஸ் அணி 1915இல் ஓர் ஆட்டத்துக்கு 250 டாலர் பேசி அவரை அழைத்தது. அன்றைக்கு அது பெரிய தொகை. அணி போண்டியாகிவிடும் என்று பலர் பயந்தார்கள். ஆனால் மாசிலன் அணியுடனான ஆட்டத்தைப் பார்க்க சுமார் 8,000 பேர் திரண்டார்கள். 1916, 1917, 1919 மூன்று ஆண்டுகளும் சாம்பியன் பட்டம் கேன்டனுக்கே. பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவது, எறிவது, உதைப்பது, எதிராளியை மடக்கி வீழ்த்துவது என எல்லாவற்றையும் ஒரே ஆள் செய்தாக வேண்டிய காலம் அது. பத்து வகைப் போட்டிகளில் வென்ற உடம்பு அங்கேதான் முழுமையாகப் பயன்பட்டது என்பேன்.

1920 செப்டம்பரில் கேன்டனில் ஒரு கார் ஷோரூமில் கூடிய அணி உரிமையாளர்கள் புதிய சங்கம் தொடங்கி, ஆடிக்கொண்டிருந்த தோர்ப்பையே முதல் தலைவராக்கினார்கள். அவர் பெயர் இருந்தால் பத்திரிகைகள் கவனிக்கும் என்பது அவர்கள் கணக்கு. இரண்டு ஆண்டில் என்.எஃப்.எல். (நேஷனல் ஃபுட்பால் லீக்) என்று பெயர் மாறிய அந்தச் சங்கம்தான் இன்று உலகிலேயே அதிகம் சம்பாதிக்கும் விளையாட்டு லீக்.

நான் மிகவும் எதிர்பார்த்தது ஊராங் இண்டியன்ஸ் பற்றி. லாரூ என்ற சிற்றூரில் நாய்ப் பண்ணை வைத்திருந்த ஒருவர், ஏர்டேல் இன நாய்களை விற்க விளம்பரமாக 1922இல் தொடங்கிய அணி. ஆடியவர்கள் அனைவரும் பூர்வகுடியினர், ஆடிக்கொண்டே பயிற்சி தந்தவர் தோர்ப். இரண்டு பருவங்களில் நான்கே வெற்றி. இடைவேளையில் ஓய்வெடுக்க வேண்டிய வீரர்கள் நாய்களோடு சேர்ந்து வேடிக்கை காட்ட வேண்டும். அவமானம்தான். ஆனால் வேறு எங்கும் இடம் கிடைக்காத பூர்வகுடி வீரர்கள் பலருக்குச் சம்பளத்தோடு என்.எஃப்.எல். மைதானத்தைத் திறந்துவிட்டதும் அதே அணிதான். இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஓய்வுக்குப் பின் கூலி வேலை, சினிமாவில் துணை நடிகர் வேலை என்று அலைந்து 1953இல் மறைந்தார். இந்தப் பகுதியைக் கட்டுரை விரிவாகவே சொல்லிவிட்டது.

ஒரு திருத்தமும் தேவை. 1982இல் அவருக்கு முழு நீதி கிடைத்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அப்போது ஒலிம்பிக் கமிட்டி அவரை இணை வெற்றியாளர் என்றுதான் அறிவித்தது. இரு போட்டிகளிலும் தனி வெற்றியாளராக ஏற்றது 2022 ஜூலையில். அடுத்த இதழில் இதைத் திருத்தி வெளியிடுங்கள். கேன்டன் ஆண்டுகளைப் பற்றி ஒரு தனிக் கட்டுரையும் வந்தால், அங்குள்ள கால்பந்து அருங்காட்சியகத்துக்குள் நுழைந்ததும் ஏன் தோர்ப்பின் சிலை நிற்கிறது என்பது நம் வாசகர்களுக்கும் தெரியவரும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கோவில்பட்டி